பக்கம் 212, கீழிருந்து நான்காம் வரி

பாடகர்களின் சுயசரிதைகளை நான்
நடுவிலிருந்துதான் திறப்பேன்.
வழவழத் தாளில் படங்கள் இருக்கும் இடத்தில்
புத்தகம் தானாகவே வாய் பிளக்கும்.
தொப்பி போட்ட குழந்தை, முதல் மேடை,
இரண்டாம் கணவரின் பாதி முகம்.
மற்றப் பாதியைக் கத்தரித்திருப்பார்கள்.

ஃபோவிங்கலில் ஏறினால் ஓபர்பார்மன் வரை
அரை மணி நேரம்.
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயிலில்
ஒரு வாழ்க்கையை மேலோட்டமாக முடித்துவிடலாம்.
வறுமை மிருகக்காட்சிச்சாலைக்கு முன்பே தீர்ந்துவிடும்,
பெரிய நிலையத்தில் முதல் இசைத்தட்டு,
விவாகரத்து, சொல்லிவைத்தாற்போல்,
நீதிமன்றத் தரிப்பில்.

எல்லாருக்கும் சிறுவயதில் ஒரே ஒரு சோடிச் சப்பாத்து.
எல்லாரையும் பார்த்து ஒரு வாத்தியார்
உனக்குக் குரலே இல்லை என்றிருப்பார்.
அந்த வாத்தியார்மாரின் சுயசரிதை
ஒன்றுகூட இன்னும் என் கைக்கு வரவில்லை.

எல்லாம் பொய், பிறகேன் வாசிக்கிறாய்
என்று கேட்பாள் அன்னெகிரெட்,
என்னோடு உடுப்பறையில் நிற்பவள்.
கச்சான் கோது உடைப்பதுபோல்தான், என்றேன்.
குப்பைதான் கூட வரும்.
கை நிற்காது.

இந்த மாதம் யுட்டா ஃபெர்லிங்.
நானூற்றுச் சொச்சம் பக்கம்,
எழுதிக் கொடுத்தவரின் பெயர் எறும்பெழுத்தில்,
நன்றியில் முதலிடம் நாய்க்கு.
பக்கம் 212:

'வூப்பர்டாலில் பாதி மண்டபம் காலி.
போதாததற்கு என் மஞ்சள் கோட்டும் களவு போனது.
உடுப்பறையில் ஒரு வெளிநாட்டுப் பெண் மட்டும் நின்றாள்.
சிரித்துக்கொண்டு நின்றாள்.'

அது நான்.

ரயில் வளைவில் ஒருமுறை ஆடியது.
இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

தொண்ணூற்று நான்கு, மாசி மாதம்.
தெருவெல்லாம் உருகின பனிச்சேறு.
குன்றின்மேல் மண்டபத்தில் எனக்கு ஆறாவது இரவு.
ஆயிரத்து நூறு பித்தளை வில்லைகளும் முடிந்து
கடைசி நாற்பது கோட்டுக்குத்
துண்டுக் கடதாசியில் எண் எழுதி ஊசி குத்தினேன்.
பாதி மண்டபம் காலியென்றால்
வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு கோட்டுப் போட்டு
வந்திருக்க வேண்டும்.

சிரித்தது உண்மை.
அப்போது எனக்கு இருநூறு ஜெர்மன் சொல் தெரியும்.
மிச்சத்துக்கெல்லாம் சிரிப்பு.

மஞ்சள் கோட்டையும் தெரியும்.
குப்பை கொட்டப் போனபோது
பின்கதவடியில் ட்ரம்பட்காரர்
சுவரோடு சரிந்து கிடந்தார்.
வெறும் சட்டை, அதிலும் வாந்தி.
பாடகி குந்தியிருந்து
தன் கோட்டைக் கழற்றி அவரைச் சுற்றினாள்.
பொத்தானைக் கீழிருந்து மேலாக,
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பூட்டுவதுபோல்
ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.
டாக்சிக் கதவை அவளே சாத்தினாள்.
பிறகு வெறுந்தோளோடு பனியில் நின்று
ஒரு சிகரெட் முழுவதும் குடித்தாள்.
என்னைப் பார்த்தாளோ தெரியாது.
நான் அப்போதும் சிரித்துத்தான் இருப்பேன்.

ட்ரம்பட்காரர் 230இல் வருகிறார்.
'குடிகாரன். நிறுத்திவிட்டேன்.'
இரண்டே சொல், பிறகு அடுத்த ஊர்.

ஏழைகளுக்குப் பாடிய இரவு பன்னிரண்டு பக்கம்.
ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த காசு, காசோலையின் படத்தோடு.
கோட்டைத் தேடித் தேடிப் புரட்டினேன்.
களவு போனது போனதாகவே இருக்கிறது.

வழக்குப் போடு என்றாள் அன்னெகிரெட்.
புத்தகத்தில் வந்துவிட்டாய், கேக் வாங்கு
என்றாள் அடுத்த மூச்சில்.
இரண்டும் சரியாகத்தான் பட்டது.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது.
பென்சில் கையில் இருந்தது.
ஓரத்தில் 1140 என்று போட்டேன்.
கணக்குப்பிள்ளை மாதிரி இருந்தது, அழித்தேன்.
நான் எடுக்கவில்லை என்று எழுதினேன்.
எடுத்தவள் எழுதுவதுபோல் இருந்தது,
அதையும் அழித்தேன்.
தாள் தேய்ந்து எதிர்ப்பக்கத்து எழுத்து
நிழலாய்த் தெரியத் தொடங்கியது.

கடைசியில்,
பிழையோ சரியோ, என் ஜெர்மனில்:
'ஏழு பொத்தான்கள்.
மேலே உள்ளது இறுக்கமாக இருந்தது,
இரண்டு தரம் முயன்றீர்கள்.'