பதினேழு முத்து

வேளச்சேரியில் உட்காரும்போதே கேட்டுவிட்டது:
'எல்லாவற்றையும் கடலில் விடலாமா?
பதிலுக்குப் பதினேழு முத்து.'
கீழே இரண்டு பொத்தான்,
ஒன்று பச்சை, ஒன்று சாம்பல்.

நாலு மாதம்.
ஒற்றைக் கட்டுமரத்தில் தொடங்கியது.
கட்டைவிரலால் தட்டித் தட்டி
ஒவ்வொரு மீனாக எடுத்தேன்.
நூறு மீனுக்கு ஒரு வலை,
ஆயிரத்துக்கு ஓர் ஆள்,
அப்புறம் விசைப்படகு, ஐஸ் பேக்டரி,
தானே கூவித் தானே விற்கும் ஏலக்கூடம்.
இப்போது நானூற்றுப் பன்னிரண்டு கப்பல்.
நான் தூங்கும்போதும் மீன் விழுகிறது.
கோடி கோடி தாண்டி எண்கள் தீர்ந்துபோய்
ஏஏ, ஏபி என்று எழுத்தில் காட்டுகிறது என் சொத்தை.
அதில் ஒரு டீ வாங்க முடியாது.

பெருங்குடி. ஆள் யாரும் ஏறவில்லை,
குப்பைமேட்டு வாடை மட்டும் ஏறிக்கொண்டது.

முத்து ஒன்றுக்கு இரண்டு சதவீத வேகம், எப்போதைக்கும்.
பதினேழுக்கு முப்பத்து நாலு.
முதல் பத்து முத்தும் இரண்டே வாரத்தில் சேர்ந்தன.
பதினேழாவதுக்கு மட்டும் ஒன்பது நாள்.
பதினெட்டாவது தலையைக் காட்டுகிறது,
கரைக்கு வருவேனா என்கிறது.
நாளெல்லாம் பில் போடுகிறவளுக்கு
இது தெரியாத கணக்கா?
'அம்பதுலயே அழிச்சிருக்கணும்டி'
என்கிறாள் இரண்டாம் கவுன்டர் ரெஜினா.
ஆறு முறை அழித்தவள்.
அழித்த அன்றெல்லாம் மதியம் பிரியாணி வாங்குவாள்.
'வச்சுனு என்ன பண்ணப் போறே?
கப்பல்ல ஏறிப் போவப் போறியா?'

கஸ்தூரிபா நகரில் ஏறிய பையன்
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
திரையைச் சாய்த்துக்கொண்டேன்,
என்னவோ என் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டதுபோல.

பையில், டிபன் டப்பாவுக்கு அடியில்,
நாலாக மடித்த கடிதம்.
எங்கள் ஸ்கேன் சென்டரைப் புதுக் கம்பெனி வாங்கியிருக்கிறது.
பழையதில் ராஜினாமா கொடுத்துப் புதியதில் சேரலாம்.
பதினாலு வருஷ சர்வீஸ் போய்
முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள்.
சம்பளம் 'பரிசீலித்து உயர்த்தப்படும்.'
வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து.
எத்தனை சதவீதம், எப்போதைக்குமா,
ஒன்றும் இல்லை அதில்.
இந்த மீன்காரன் எவ்வளவோ யோக்கியன்.
போவது என்ன, வருவது என்ன என்று
அழிக்கும் முன்பே பட்டியல் போடுகிறான்.

கோட்டூர்புரத்தில் அடையாறு கறுப்பாக நின்றது.
கடல் இதோ பக்கத்தில்தான்.
முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கும்.

மந்தைவெளியில் பச்சைமேல் விரல் வைத்தேன்,
எடுத்தேன்.
கப்பல் போவதில் ஒன்றுமில்லை.
திரும்பத் தட்ட வேண்டுமே.
முதல் விசைப்படகு வந்தபின் நான் தட்டவே இல்லை.
காலையில் திறப்பேன், பெருகியிருக்கும்,
மூடிவிட்டுப் பல் தேய்ப்பேன்.
விளையாடியே மூன்று மாதம் ஆகிறது.

கலங்கரை விளக்கம் தாண்டும்போது நிஜக் கடல்
இரண்டு மொட்டைமாடிக்கு நடுவில்
ஒரு முழம் தெரிந்தது.

திருவல்லிக்கேணிக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையில்
அழுத்தினேன்.
'நிச்சயமா?' என்றது.
மறுபடியும், 'நிச்சயமா?'
ரெஜினா சொல்லியிருக்கிறாள்,
இரண்டு முறைதான் கேட்கும்.

நானூற்றுப் பன்னிரண்டும் சத்தமில்லாமல் முங்கின.
கட்டுமரம் ஒன்று வந்து ஆடியது.
தட்டினேன். ஒரு மீன்.
மேலே ஒன்று என்று போட்டிருந்தது, வெறும் ஒன்று.
எதிர் சீட்டு அம்மாள் என்னைப் பார்த்த பிறகுதான்
நான் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.
முப்பத்து நாலு சதவீத வேகமா என்றால்,
அப்படியொன்றும் தெரியவில்லை.

பிறகு அந்தக் கட்டம் வந்தது,
போன தடவை அவசரத்தில் 'அஅஅ' என்று அடித்துத் தாண்டியது:
'படகுக்குப் பெயர்?'
பார்க் டவுன்.
கடிதத்திலும் முதல் கட்டம் பெயர்தான், பெரிய எழுத்தில்.
பின்னாலிருந்து கூட்டம் தள்ள,
ஒரு கையில் கம்பி,
இன்னொரு கையில் அந்தக் கோடு
மின்னி மின்னிக் காத்திருந்தது.