ஒரு நிமிடம் இருபது செக்கன்

மல்லாவிச் சந்தியில்
வசீகரன் அண்ணாவின் சலூன் சுவர்.
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பதினொரு போஸ்டர்.
ஞாயிறு வெயிலுக்குள் கொப்பியோடு நின்றோம்
மிதுசா, டனுசன், நான்.
முடிவெட்ட வந்தவர்கள்
எங்களைத்தான் படம்போலப் பார்த்தார்கள்.

ஊடகப் பாட ஒப்படை இது:
போஸ்டர் மூன்றை ஆராய்க,
பின் உங்கள் படத்துக்கு ட்ரெயிலர் திட்டமிடுக.
படமே இல்லாமல் எப்படி என்று கேட்டோம்,
மணி அடித்துவிட்டது.

முதலாவதில் முக்கால்வாசி கதாநாயகன் முகம்,
மிச்ச இடத்தில் இன்னொருதரம் அவனே.
கதாநாயகி அவன் தோளடியில்
சட்டைப் பொத்தான் அளவு.
"எழுத்து உடைஞ்சிருந்தாச் சண்டைப் படம்,
வளைஞ்சிருந்தாக் காதல்" என்றான் டனுசன்.
இரண்டாவதில் புகை. மூன்றாவதிலும் புகை.
"ஒண்டும் எரியேல்லை, பேந்தென்னத்துக்குப் புகை?"
மிதுசா கேட்டதை அப்படியே எழுதினேன்:
காரணம் காட்டப்படாத புகை.

ஓரம் கிழிந்த இடத்தில்
அடியில் ரியூசன் நோட்டீஸ்,
அதற்கும் அடியில் ஒரு கண்ணீர் அஞ்சலி.
அதிலும் நடுவில் முகம், கீழே திகதி.
திகதிக்குக் கீழே
'விரைவில்' மட்டும் இல்லை.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

எங்கள் படம் யானையைப் பற்றியது.
யானை எங்களிடம் இல்லை.
இருந்தது: மிதுசா வீட்டு வயல், காவல் கொட்டில்,
ரோச் லைற், திரை கீறிய ஃபோன்,
போன வியாழன் நிஜமாகவே யானை உழக்கிப்போன
பக்கத்துக் காணி வாழைகள்.
"செற் போட்டே தந்திட்டுப் போயிருக்கு" என்றான் டனுசன்,
காணிக்காரர் கேட்காத தூரத்தில்.

சாய்ந்த வேலி நான்கு செக்கன்.
சேற்றில் ஒரு பெரிய காலடி,
அதற்குள் தேங்கிய தண்ணீரில் நிலா
(நிலா வராவிட்டால் ரோச் லைற்).
கொட்டில் ஏணியில் ஏறும் கால்கள், முகம் வேண்டாம்.
கடைசியில் இருட்டு.
ஐந்து செக்கன் ஒன்றுமில்லை.
பிறகு யானைவெடி.
பிறகு பெயர்.

வெடிச் சத்தத்தை வயலில் பதிந்து வந்தான் டனுசன்.
சலூன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம்.

வசீகரன் அண்ணா கத்தரிக்கோலோடு நிலத்தில் இருந்தார்.
கதிரையில் இருந்தவரும்,
போர்த்திய துணியோடு,
ஒரு கன்னம் நுரையோடு.
கண்ணாடியில் நாங்கள் மூன்றுபேர் மட்டும்
நின்றுகொண்டிருந்தோம்.
குனியத் தெரியாதவர்கள்.
அந்த வருசம் எங்களுக்குப் பல்லே முளைக்கவில்லை.

எழும்பிச் சிரித்தார்கள், ஆளை ஆள் பார்க்காமல்.
"நல்ல சவுண்ட் தம்பி,
கொஞ்சம் குறைச்சுப் போடு" என்றார் அண்ணா.
பவுடர் டப்பாவைத் தேடினார்,
அது அவர் கையிலேயே இருந்தது.

அன்றிரவு சண்டை.
"வெடி இல்லாட்டி அது ட்ரெயிலரே இல்லை."
"சனம் பயந்து குந்தவோ படம் எடுக்கிறம்?"
"யானைக்குத்தானே வெடி!"
"சத்தத்துக்கு அது தெரியுமோ?"
ஒரு மணித்தியாலம் ஒருவரும் பேசவில்லை.
பிறகு மிதுசா ஃபோனை வாயருகே பிடித்து
வாழைத்தண்டை மென்றாள்.
மெதுவாக. நிறுத்தி. மறுபடி.
ஹெட்போனில் கேட்டபோது
இருட்டுக்குள் மிகப் பெரிய ஒன்று
எங்களைப் பற்றிக் கவலையே இல்லாமல்
சாப்பிட்டுக்கொண்டிருந்தது.
டனுசன் ஒன்றும் சொல்லாமல் வெடியை அழித்தான்.

போஸ்டரில் முகம் இல்லை, புகை இல்லை.
கறுப்பு. ஓரத்தில் மஞ்சளாய் ஒரு சின்ன வட்டம்.
'கதாநாயகன் எங்கே?' என்று
சிவப்பு மையில் கேட்டு இரண்டு புள்ளி குறைந்தது.
கீழே 'விரைவில்' போடுவமா என்றதற்கு
டனுசன் எழுதினான், மிதுசா சுரண்டினாள்.
அந்த இடம் கொஞ்சம் வெளிறிக் கிடக்கிறது.

சுவரில் பன்னிரண்டாவதாய் ஒட்டியபோது
அன்று பாதிச் சவரத்தில் குந்தியவர்
சைக்கிளை நிறுத்தி வாசித்தார்.
"எப்ப படம்?"

பசை காயவில்லை.
நான் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.