மஞ்சள் பெருக்கல் குறி

கட்டிலுக்கு அடியில் ஏழு பெட்டிகள்.
ஏழாவதை ஆர்டர் போட்ட இரவில்
முதலாவதின் கண்ணாடித்தாள்கூடப் பிரியவில்லை.

ஃபஹாஹீலில் நான்காம் மாடி.
மூன்று பேர் அறையில் என் பங்கு
சன்னலோரம் ஆறடிக்கு மூன்றடி.
தண்டவாளமே இல்லாத நாட்டில்
ரயில் எதற்கய்யா என்பார் தஸ்தகீர்,
கப்பல் கட்டு, கடலாவது இருக்கு.

பகலில் நான் வெல்டிங் பார்ப்பவன்.
குழாய் மூட்டுகளில் டார்ச் அடித்து
துளை, விரிசல், முழுதாய் உருகாத இடம் தேடுவேன்.
பிடிக்காவிட்டால்
மஞ்சள் மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி.
அதைக் கண்டதும் ஃபோர்மேன் வில்ஃப்ரடோ
ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவுவார்.
‘முடிந்தது’ என்று நான் கையெழுத்துப் போடாமல்
அந்தக் குழாயில் ஒரு சொட்டும் நகராது.

அறைக்கு வந்தால்
கூரை இல்லாத ஸ்டேஷன்.
ஒரு பக்கம் மட்டும் சக்கரம் மாட்டிய இன்ஜின்.
டெலிவரிப் பையன் ஜூன் மதியத்தில் வாசலில் வைத்துப்போக
அப்பளமாய் நெளிந்த பிளாட்பாரம்.

பசை காய்ந்துவிட்டது,
மணற்காற்று,
ஓவர்டைம்,
பச்சை பெயின்ட் இந்த ஊரில் கிடைக்காது.
காரணங்களை மட்டும்
இடைவெளி தெரியாமல் பொருத்தியிருந்தேன்.

ஒரு வியாழன் இரவு ஏதோ வேகம்.
அரைமணி நேரம்தான்.
ஒட்டியது என் ஆள்காட்டி விரல்.

சனிக்கிழமை காலை கேட்டில் விரல் வைத்தேன்.
யாரென்று தெரியவில்லை என்றது இயந்திரம்.
துடைத்து வைத்தேன். தெரியவில்லை.
பின்னால் நாற்பது பேர்,
வெயில் அதற்குள் ஏறிவிட்டது.
டைம்கீப்பர் என் பெயரைக் கையால் எழுதிக்கொண்டே
என்ன ஒட்டினே என்றார்.
ரயில் என்றேன்.
அட, போட்டோ காட்டு.

போன் முழுக்கத் தேடுவதுபோல் நடித்தேன்.
பெட்டி மூடிகளின் படம்தான் இருந்தது.

அன்றிரவு இருப்பதிலேயே சின்னதை இழுத்தேன்:
கார்டு பெட்டி, இருபத்துமூன்று துண்டுகள்.
தஸ்தகீர் திட்டியபடி எழுந்து வந்து
என் வேலை டார்ச்சைப் பிடித்தார்.
பிறகு தன் வாசிப்புக் கண்ணாடியையும் கழற்றித் தந்தார்.
பதினேழாவது துண்டு கட்டிலுக்கடியில் விழ
இருவரும் முழங்காலில் தவழ்ந்தோம்.
மூன்றாமவன் போர்வைக்குள்ளிருந்து
மலையாளத்தில் ஏதோ சொன்னான்,
நல்லதாக இருக்காது.

இரண்டு மணிக்கு நின்றது அது,
உள்ளங்கை நீளம்.
இடது படிக்கட்டு ஒரு மில்லிமீட்டர் சரிவு.
சைட்டில் என்றால் விட்டிருக்க மாட்டேன்.

சட்டைப்பையில் இருந்த மார்க்கரைத் திறந்து
மையைப் பல்குச்சியில் தொட்டு
பெட்டியின் முதுகில் மஞ்சளாய் ஒரு பெருக்கல் குறி.

என்னய்யா, இவ்வளவு பாடுபட்டு ரிஜெக்ட்டா?

இல்லை பாய். ஊரில் கடைசிப் பெட்டிக்கு இதுதான் அடையாளம்.
ஸ்டேஷனில் நிற்பவர் இதைப் பார்த்தால்தான்
வண்டி முழுசாய் வந்துவிட்டது,
நடுவழியில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம்.

அவர் குனிந்து பெட்டிக்கு முன்னால் பார்த்தார்.
வெறும் மேசை, பசைக் குப்பி, ஆறிய சுலைமானி.
முழுசாவா? இன்ஜினே இல்லையே.

வரும் என்றேன்.

மணி என்ன தெரியுமா என்றார்,
டார்ச்சை அணைக்காமல்.