நாற்பத்தொன்று

தகரக் கூரையில் மழை. ஒலிபெருக்கி செத்துவிட்டது.
ஒரு புள்ளியில் தோற்றோம் என்பதை
ஒற்றை விரலைத் தூக்கித்தான் சொன்னேன்.

படிகளிலிருந்து கத்துகிறார்கள்: புவாயா, புவாயா.
முதலை என்று பொருள்.
பந்தைக் கவ்வினால் விடாதவனுக்கு
இந்தத் தீவில் வேறு பெயர் இல்லை.
நெல்மர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு
பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.
நாற்பத்தொரு புள்ளி அவனுடையது.
மீதி முப்பத்தேழை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்டார்கள்.
என் கணவர் எட்ஸலுக்கு நான்கு.

ஆகவே நான் நடுநிலையானவள் இல்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி ஏழு நொடி.
இடது மூலையில் எட்ஸல் தனியாக நின்றார்,
ஜீப்னியிலிருந்து யாரோ இறக்கித் தரும் குழந்தையை
வாங்கிக்கொள்ள நிற்பவரைப் போல
இரண்டு கையையும் ஏந்தி.
நெல்மர் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு, மறித்த இருவருக்கு நடுவே எம்பினான்.
வளையம் பந்தை ஒரு சுற்றுச் சுற்றித்
துப்பியது.

என் தாளில் கோபத்துக்குக் கட்டம் இல்லை.
புள்ளிக்கு உண்டு, தவறுக்கு உண்டு,
இடைவேளை கேட்டதற்குக்கூட உண்டு.
பாஸ் கொடுத்தவனுக்கே கட்டம் இல்லாத தாளில்
கொடுத்திருக்க வேண்டியவனை எங்கே எழுதுவது?

இந்தப் பருவம் முழுக்க ஓரத்தில்
நானே பொட்டு வைத்து வந்தேன்,
எட்ஸலுக்குப் பந்து யார் கையிலிருந்து வந்ததென்று.
அவர் போட்ட பதினெட்டுக் கூடையில்
பதின்மூன்றுக்கு நெல்மரின் பொட்டு.
வழக்குப் போட எண்ணத் தொடங்கியது
அவனுக்கே சாட்சியாகிவிட்டது.
இருக்கட்டும்.
பதின்மூன்று முறை ஊட்டிய கை
பதினான்காவது முறை தட்டைப் பிடுங்கினால்
பசித்தவன் எதை எண்ணுவான்?

போன வருடம் இதே மூலை, இதே கடைசி நொடி.
நெல்மர் கொடுத்தான், இவர் தவறவிட்டார்.
மூன்று வாரம் ஐஸ் ஆலைக்குப்
பின்வாசல் வழியாகப் போய்வந்தார்.
அதை நினைத்துத்தான் இன்று கொடுக்காமல் காப்பாற்றினானோ.
அதை நினைத்துத்தான் நம்பாமல் போனானோ.
இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் அசையும்.

மேசைக்கு வந்தான். வியர்வை தாளில் சொட்டியது.
"மூணாவது கால்பகுதியில என் பேர்ல ஒரு கூடை இருக்கு, அக்கா.
உள்ளே போறப்ப எட்ஸல் விரல் பட்டுச்சு.
அவருக்கு எழுதுங்க."

எட்ஸல் ஷூ நாடாவை அவிழ்த்தபடி, நிமிராமல்,
"படலை."
"பட்டுச்சு."
"விரல் என்னோடதுடா. எனக்குத் தெரியாதா?"

இந்த ஆட்டக்களத்தில் முதல்முறையாக
ஒரு கூடையை இரண்டு பேர்
எனக்கு வேண்டாம், உனக்கு என்று தள்ளினார்கள்.

பட்டிருக்கலாம்.
விளக்கில் ஈசல் மொய்த்த நேரம் அது,
நான் பந்தைப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை.
இது உண்மையா, தானமா,
அந்த ஏழு நொடிக்கு வட்டியா?
இல்லை, யாருக்கு எவ்வளவு என்பதை
இங்கேயும் தானே தீர்மானிக்கிற பழக்கமா?

அழிப்பானை எடுத்தேன்.
மேல்தாளில் முப்பத்தொன்பது. எட்ஸலுக்கு ஆறு.
கார்பனுக்குக் கீழே,
எதிரணிக்குப் போகும் மஞ்சள் தாளிலும்
லீக் அலுவலகத்துக்குப் போகும் ரோஸ் தாளிலும்
நாற்பத்தொன்று நீலமாக அப்படியே இருக்கிறது.

வெளியே எட்ஸல் வண்டியைக் கிளப்பிவிட்டார்.
பின்னால் நெல்மர் ஏற்கெனவே ஏறியிருந்தான்,
இருக்கை முழுவதும் தனக்கே என்பதுபோல.
தள்ளி உட்காருடா, முதலை, என்றேன்.
தள்ளி உட்கார்ந்தான்.
கொஞ்சம்.