ஜோடி

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில்
மஞ்சள்மேல் சிவப்பாக எழுதியிருக்கிறது:
மூலமா? கத்தியின்றி குணம்.
எனக்கும் மூலம்தான் சிக்கல்.
மொத்தம் நான்கு.
எக்ஸின் நான்காம் அடுக்கோடு நான்கைக் கூட்டினால் பூஜ்ஜியம்
என்கிற ஒற்றை வரிக்குள், மடியில் கிடக்கும் நோட்டில்
எங்கேயோ ஒளிந்திருக்கின்றன.

பத்தாம் வகுப்பில் இதெல்லாம் சுலபம்.
தன்மைகாட்டி கழித்தலில் வந்தால்
‘மெய் மூலங்கள் இல்லை’ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு
அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். முழு மார்க்.
போன டிசம்பரில், அஞ்சல்வழிப் பரீட்சையில்
அதையே எழுதினேன். அவசரத்தில்
மெய் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.
ஆறு மார்க்கில் போயிற்று.
மறுபடி பணம் கட்ட
பதினோரு நாள் ஓவர்டைம்.

துத்திப்பட்டுக் கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
எனக்கு இடது கால். தபஸ்ஸுமுக்கு வலது.
ஒரே தோலில் வெட்டியது, ஒரே நூல்,
வளைவு மட்டும் எதிர்ப்பக்கம்.
இடதில் ஒரு தையல் தவறினால்
செக்கிங் மேசையில் வலதையும் சேர்த்துத் தள்ளுவார்கள்.
அவள் முறைப்பாள்:
“உன்னால என்னுதும் போச்சு.”

பல்லுறுப்புக்கோவை உடையவில்லை. மூன்று நாள்.
எந்தப் பக்கம் பிடித்தாலும்
ஈரத்தோல் மாதிரி வழுக்குகிறது.

நான்காம் நாள் குழுக் கூட்டம்.
போன வாரத் தவணையைக் கட்ட
இந்த வாரம் கடன் வாங்கினாள் அமலோற்பவம்.
லெட்ஜரில் அதே தொகை வரவிலும், செலவிலும்.
கையில் ஒரு பைசா நிற்கவில்லை.
ஆனாலும் அவள் பெயர் அடிபடாமல் தப்பியது.

அங்கேயே பென்சிலை எடுத்தேன்.
நான்கு எக்ஸ் வர்க்கத்தைக் கடன் வாங்கிக் கூட்டினேன்.
அதே மூச்சில் கழித்தேன்.
முன்பக்கம் முழு வர்க்கமாய் மூடிக்கொண்டது,
பின்னால் இன்னொரு வர்க்கம் கழிபட நின்றது,
பிறகு
நூல் உருவின தையல் மாதிரி, சத்தமில்லாமல்,
இரண்டு காரணிகளாகப் பிரிந்துவிட்டது.
“நீ எவ்ளோ எடுக்கிற?” என்றாள் தலைவி.
எடுத்துத் திருப்பியும் கட்டிட்டேன் என்றேன்.
அவள் லெட்ஜரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

ஒன்று கூட்டல் ஐ.
ராத்திரி பதினொன்றே காலுக்கு வந்தது.
ஒன்று கழித்தல் ஐ-க்கு நான் கணக்கே போடவில்லை,
தானாக வந்து பக்கத்தில் நின்றது.
ஒற்றைக் காலுக்கு யார் ஷூ தைக்கிறார்கள்?

கற்பனை எண் என்கிறது புத்தகம்.
சரிபார்த்தேன். வர்க்கம் எடுத்தால் இரண்டு ஐ.
இன்னொரு முறை எடுத்தால் கழித்தல் நான்கு.
நான்கைக் கூட்டினேன்.
பூஜ்ஜியம். தூசி கூட மிச்சமில்லை.
கற்பனைக்கு இத்தனை கணக்குச் சுத்தம்!
எங்கள் சூப்பர்வைசரின் ஓவர்டைம் பட்டியல், முழுக்க மெய்,
ஒரு மாதமும் இப்படி ஒத்துவந்ததில்லை.

இன்று டீ இடைவேளையில்
கழிவுத்தோல் துண்டில் ஊசியால் ஒரு கோடு கீறி
நான்கு மூலத்தையும் குத்தினேன்.
மேலே இரண்டு, கீழே இரண்டு.
கோட்டின்மேல் ஒன்றும் விழவில்லை.
தபஸ்ஸும் வாங்கி, திருப்பிப் பார்த்து,
கோட்டோடு கோடாக மடித்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
ஓட்டைமேல் ஓட்டை.
இரண்டு பொட்டு வெளிச்சம்
அவள் கன்னத்தில் விழுந்தது.

“இது என்ன சைஸ்டி?”

பெல் அடித்தது.