முதலில் தடியின் கால்

முதலில் தடியின் கால்.
உங்கள் கால் அப்புறம்.
வாளி வாசலில் இருக்கிறது,
துணி அதன் காதில் தொங்குகிறது.
முப்பத்தேழு கோயில் நடந்ததில்
தடியின் அடி நைந்து பூவாய் விரிந்திருக்கிறது;
கத்தி வைக்காதீர்கள், கல்லில் தேய்த்தால் போதும்.
தடிதான் பெரியவர், அவர்தான் கூட நடக்கிறார்
என்பது ஷிகோக்கு வழக்கு.
நம்பிக்கை இல்லாவிட்டாலும் கழுவுங்கள்.
சேறு நம்பிக்கை பார்த்து ஒட்டுவதில்லை.

வெந்நீர் தயார்.
வெளியே தேய்த்துக் குளித்துவிட்டுத்
தொட்டிக்குள் இறங்குங்கள்.
உங்களுக்குப் பின் நான்கு பேருக்கு அதே நீர்.
கடைசி ஆள் நான்.

அடுத்த கோயில் எண்பது கிலோமீட்டருக்கும் மேல்.
வேகமாக நடப்பவர்கள்தான்
பாதியில் மருந்துக்கடை தேடுகிறார்கள்.
பாலம் வந்தால் தடியை ஊன்றாமல்
தூக்கிக்கொள்ளுங்கள்.
யாரும் இடம் தராத ஓர் இரவு
பெரியவர் பாலத்தடியில் படுத்தாராம்.
இன்னும் தூங்குகிறாராம்.
நாற்பது வருடம் பேருந்து ஓட்டினேன் என்றீர்கள்,
கடைசி வண்டியில் தூங்குகிறவர்களுக்காகப்
பிரேக்கை மெல்ல மிதித்தவருக்கு
நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுரங்கப்பாதையில் ஒளிப்பட்டை கட்டுங்கள்.
வெள்ளை உடுப்பு போதுமென்று நினைக்காதீர்கள்.
வழியில் செத்தால் அப்படியே புதைப்பதற்கு
என்று தைத்த உடுப்பு அது.
லாரிக்காரர்களுக்கு அந்த யோசனை
வராமல் இருப்பது நல்லது.

வளைவில் காரை நிறுத்தி ஒருத்தி
பொன்கான் பழம் நீட்டுவாள்.
ஏழு பழம். பை கனக்கும்.
வேண்டாம் என்று சொல்லக் கூடாது.
தன்னால் வர முடியாத தூரத்தை
உங்கள் முதுகில் ஏற்றி அனுப்புகிறாள்.
பெயர்ச்சீட்டு ஒன்றை இரு கையாலும் கொடுங்கள்.
அடுத்த திருப்பத்தில் பழத்தை
யாருக்காவது கொடுத்துவிடலாம்,
அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பிறர் ஏற்றிய மெழுகுவர்த்தியில்
உங்கள் திரியைப் பற்றவைக்காதீர்கள்,
அவர் வினையும் சேர்ந்து பற்றுமாம்.
தீப்பெட்டி மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.
மணி, கும்பிடும் முன்.
கிளம்பும்போது அடித்தால்
கேட்டதெல்லாம் திரும்பி நடக்கும்.

அப்புறம் சாப்பாடு. அங்கே மூன்று பேர் இருப்பார்கள்.
எந்த ஊர் என்று கேட்கலாம்.
இன்று எத்தனையாவது நாள் என்று கேட்கலாம்.
யாருக்காக நடக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.
இது எந்தக் கையேட்டிலும் இல்லை,
இந்த ஹமாதா விடுதியில் மட்டும் உண்டு.

நான் கேட்டேன்.
கெசென்னுமாக்காரர், ஒனோதெரா என்று பெயர்.
கடல் தெரியாத அறை வேண்டும் என்றார்.
இந்த வீட்டில் கடல் தெரியாதது
அரிசி மூட்டை அறை ஒன்றுதான்.
மூட்டைகளை நகர்த்தி மெத்தை விரித்தேன்.
அப்போதே வாயை மூடியிருக்கலாம்.
சூரை மீன் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டே
கேட்டுவிட்டேன், மழை வருமா என்று கேட்பதுபோல.
குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.
நன்றாக இருந்தது என்றார்.
பாதி மீன் தட்டில்.

விடிந்தபோது மெத்தை மடித்திருந்தது.
தலையணை மேல் பணம், சரியாக.
முதல் ரயில் போயிருந்தது,
வந்த திசைக்கே.

பதினொரு குடைகளுக்கு நடுவே
அவருடைய தடி நின்றது.
ஐந்து வருடமாக,
வருகிறவர்கள் தடி கழுவும் மாலைகளில்
நான் அதையும் கழுவுகிறேன்.
நடக்காத காலைக் கழுவுவது சிரமம்,
அழுக்கே இல்லை,
எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

என்ன, உங்கள் தடியோடு
அதையும் துடைத்துவிட்டீர்கள்.
அதை எதற்குப் பையோடு சேர்த்துச் சாய்க்கிறீர்கள்?

இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு தடி ஊன்றி நடப்பவர்களும் உண்டு.
இறக்கத்தில் முழங்காலுக்கு நல்லதாம்.
பாலம் வந்தால்
இரண்டையும் தூக்கிக்கொள்ளுங்கள்.