பதினாலு பவுண்டு

ஹெர்மன் ஊர் இரும்புக்கடையில்
ஆணிப் பெட்டிக்கும் எலிப்பொறிக்கும் நடுவே
ஒரு ஜாடி நிறையச் சோளக்கட்டைச் சுங்கான்கள்.
ஒன்பது டாலர்.
"பரிசுக்கா?" என்றாள் கல்லாவில் இருந்தவள்.
ஆமாம் என்றேன்.
நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குப்
பொய் சொல்ல இவ்வளவு சின்னக் காரணம் போதும்.

என் வேலை பயிர்க் காப்பீடு.
ஆலங்கட்டி அடித்துப் பத்து நாள் கழித்துப் போவேன்.
வரிசையில் பதினேழடி ஐந்தங்குலம் நாடா பிடித்து
நிற்கிற தாளை எண்ணுவேன், முறிந்ததை எண்ணுவேன்.
பிழைக்குமா பிழைக்காதா என்று
குருத்தைக் கத்தியால் பிளந்து பார்ப்பேன்.
எழுபது பவுண்டு கதிரை உதிர்த்தால்
மணி ஐம்பத்தாறு பவுண்டு.
மிச்சம் பதினாலு, கட்டை.
கழித்துவிடு என்கிறது கணக்கு.
இருபது வருஷமாய்க் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
படிவத்தில் கட்டைக்குக் கட்டம் கிடையாது.

ஜூலையில் காலெப் ஓட்டிங்கின் வயல்.
மிசௌரி ஆறு பார்த்த தாழ்நிலம், எண்பது ஏக்கர்,
இலையெல்லாம் ரிப்பன் ரிப்பனாய்.
முப்பத்தொரு வயதுக்காரன்
வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து
புகைத்துக்கொண்டிருந்தான்.
"எவ்வளவு?" என்றான்.
அறுபத்திரண்டு சதவீதம் என்றேன்.
ஒரு இழுப்பு. இன்னொன்று.
பிறகு சுங்கானைத் திருப்பிப்
பூட்ஸின் குதியில் தட்டினான்.
டொக்.

கனமே இல்லாத சத்தம்.
காலித் தீப்பெட்டியை மேசையில் போட்டதுபோல.
மழை வரும் போலிருந்தது, கையெழுத்து வாங்கினேன், கிளம்பினேன்.
ஐம்பது மைல் தூரம்
அந்த டொக் என்னோடு பின்சீட்டில் வந்தது.

ஆற்றுப் பாலத்தடியில் காரை நிறுத்தி
நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு
செர்ரி என்று எழுதிய புகையிலையைத் திணித்தேன்.
முதல் குச்சி காற்றுக்கு.
இரண்டாவது என் விரலுக்கு.
மூன்றாவதில் பற்றியது, இருமினேன்,
அணைந்தது.
பால் பொங்காமல் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியிருக்கிறது;
அவசரப்பட்டால் நாக்கைச் சுடுகிறது,
மறந்தால் செத்துப்போகிறது.

பிறகு அந்த வாசனை.
கடற்கரை, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை என்று
தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.
அது மணி வேகிற வாசனை.
இது கட்டை வேகிறது.
தின்றுவிட்டு எறிந்தபின்
எவரும் குனிந்து முகர்ந்திராத ஒன்று.

கொழுந்தன் சத்தியசீலனிடம் இத்தாலிச் சுங்கான் இருக்கிறது.
அதற்கு வெல்வெட் பை, மெழுகு, வாராந்திர ஓய்வு,
கீழே விழுந்தால் வீட்டில் இரண்டு நாள் துக்கம்.
என்னுடையது டாஷ்போர்டில் கிடக்கிறது,
பேனாவுக்கும் பார்க்கிங் சீட்டுக்கும் பக்கத்தில்.
புகையிலையோடு சேர்ந்து தானும் கொஞ்சம் கருகுகிறது.
ஒவ்வொரு முறையும் சுவர் ஒரு நூல் குறைகிறது.
யாரிடமிருந்தும் வரவில்லை,
யாருக்கும் விட்டுப்போக முடியாது.
அதனால்தான் கைக்கு இவ்வளவு இதமோ என்னவோ.
மருத்துவர் கேட்டால் இதற்கும் ஒரு பொய் இருக்கிறது.

அக்டோபரில் இறுதிக் கணக்கெடுப்புக்குப்
போனேன் மறுபடி ஓட்டிங் வயலுக்கு.
நின்ற கொஞ்சத்தை அறுவடை இயந்திரம் மென்றுகொண்டிருந்தது;
மணி தொட்டியில் விழ
கட்டைகள் நொறுங்கிப் பின்னால் மண்ணில் விழுந்தன.
முதல் தடவையாகப் பின்னால் பார்த்து நின்றேன்.

காலெப் இறங்கி வந்தான்.
"எவ்வளவு?"
"அறுபத்தெட்டு. ஜூலையில் நான் குறைத்துப் போட்டிருக்கிறேன்."
"அதில்லை" என்று
என் சட்டைப்பையைக் காட்டினான்.
பென்சிலோடு நீட்டிக்கொண்டிருந்தது மஞ்சள் குழல்.

ஒன்பது டாலர் என்றேன்.

சிரிக்காமல் தலையை ஆட்டினான்,
சதவீதத்துக்குக்கூட அப்படி ஆட்டியதில்லை.
"ஏமாத்திட்டாங்க" என்றான்.
"எட்டுதான்."